வாடை காட்டிய வழி

முதலில் வந்தது ஈரத்துணி வாடை. பக்கெட்டில் ஊறப்போட்டு மறந்துவிட்ட துணியை இரண்டு நாள் கழித்துக் கையில் எடுத்தால் ஒரு வீச்சம் முகத்தில் அடிக்குமே, அதுதான். ஓடுகிற காரில், பாதி இறக்கிய கண்ணாடி வழியாக, இருபுறமும் மேடும் பள்ளமுமாகப் பச்சைப் பசேலென்று விரிந்து கிடந்த புல்வெளியிலிருந்து அப்படி ஒரு வாடை வருவதற்கு எந்த நியாயமும் இல்லை. வேறு யாராக இருந்தாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு கண்ணாடியை ஏற்றியிருப்பார்கள். அவள் முழுசாக இறக்கினாள். கண்கள் நிறைந்துவிட்டன, ஏனென்றால் மழைக்காலத்தில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு அவள் மூக்கில் ஏறிய முதல் வாடை அது.

மூக்கை வைத்துப் பிழைக்கிறவளுக்கு மூக்கு போவதென்றால் என்னவென்று மற்றவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. தேயிலைக் கம்பெனியில், ருசி பார்க்கும் அறையில் அவளுக்கு வேலை. நீள மேசையில் வரிசையாகக் கோப்பைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் குனிந்து முகர்ந்து, கரண்டியால் எடுத்துச் சத்தம் வர உறிஞ்சி, வாய்க்குள் ஒரு சுற்று சுற்றித் துப்பிவிட்டு, எந்த மூட்டை எந்தக் கலவைக்கு என்று சொல்ல வேண்டும். அவள் சொன்னால் முதலாளி மறுபேச்சுப் பேசமாட்டார். கம்பெனி முழுக்க அவளுக்கு மூக்கரசி என்றுதான் பெயர். காய்ச்சல் விட்ட மறுநாள் அவள் குனிந்த கோப்பைகளில் எல்லாம் வெறும் வெந்நீர்தான் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்று ருசி பார்க்கும் நண்பனின் முகத்தை ஓரக்கண்ணால் பார்ப்பாள். அவன் புருவம் ஏறினால் நல்ல சரக்கு, உதடு பிதுங்கினால் மட்டம். அப்படியே ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள். நாளை முதல் அவன் ஒரு வாரம் விடுப்பு. வாங்க வருகிறவர்களுக்கு முன்னால் அந்த மேசையருகே அவள் தனியாக நிற்க வேண்டும்.

அந்த நண்பன்தான் இப்போது வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். வாயைத் திறந்தால் இனிக்க இனிக்கப் பேசுவான் என்பதால் அவனுக்குச் சர்க்கரை என்று பெயர். பின் சீட்டில் கால்களை மடக்கி உட்கார்ந்து அவித்த முட்டைகளை உரித்துக்கொண்டிருந்தவள் நாத்தனார், கணவனின் ஒரே தங்கை. அதே கம்பெனியில் பாக்கெட் போடும் பிரிவில் இருக்கிறாள். சர்க்கரைக்கு அவள் எப்போதும் பாப்பா. ருசி தெரியாமல் அண்ணி உப்பை அள்ளிக் கொட்டிய நாட்களில் வீட்டில் எல்லோரும் முகம் சுளித்தபோது, ஒரு வார்த்தை சொல்லாமல் தண்ணீரைக் குடித்துக் குடித்து விழுங்கியவள் அவள்தான்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர்கள் இப்படிக் கிளம்பிவிடுவார்கள். அதற்கு ஒரு வழக்கம் உண்டு. வரைபடம் பார்க்கக் கூடாது, போனில் வழி கேட்கக் கூடாது. சாலை இரண்டாகப் பிரிகிற இடத்தில் சர்க்கரை வண்டியை நிறுத்துவான். மூக்கரசி தலையை வெளியே நீட்டி முகர்ந்து பார்த்துக் கையைக் காட்டுவாள்; காட்டிய பக்கம் வண்டி போகும். காட்டுப்பூ, விறகுப்புகை, மழை நனைத்த மண் என்று எதையாவது பிடித்துக்கொண்டு அவள் கொண்டுபோய்ச் சேர்த்த இடங்களை நினைத்து மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பார்கள். காய்ச்சலுக்குப் பிறகு தோன்றிய பக்கம் கையைக் காட்டி, ஒரு முறை செங்கல் சூளைக்கும் ஒரு முறை குப்பைமேட்டுக்கும் கூட்டிப்போனாள். ஜலதோஷம் பிடித்த மூக்கரசி என்று கேலி செய்தார்களே தவிர, யாரும் சந்தேகப்படவில்லை.

ரகசியமாகப் போய்ப் பார்த்த காது மூக்கு தொண்டை டாக்டர் ஒன்று சொல்லியிருந்தார். வாசனை திரும்பும்போது நேராகத் திரும்பாதாம். முதலில் எல்லாம் கெட்ட வாடையாகத்தான் வருமாம். ரோஜாப்பூ சாக்கடையாக நாறுமாம், சோப்பு செத்த பிராணியாக நாறுமாம். பயந்துவிடாதீர்கள், அது நல்ல அறிகுறி என்றார். ஆகவே அந்த ஈரத்துணி வாடையை அவள் பிரிந்துபோன பிள்ளை வாசலில் வந்து நின்றதுபோல வரவேற்றாள்.

"என்ன மூக்கரசி, கண்ணு கலங்குது?" என்றான் சர்க்கரை.

"தூசி." பிறகு, எதற்கும் இருக்கட்டுமென்று கேட்டாள். "உங்களுக்கு ஏதாவது நாறுதா?"

"எனக்குப் புல்லு வாசனைதான் வருது அண்ணி. நல்லா இருக்கு" என்றாள் நாத்தனார்.

"பாப்பா முட்டை உரிக்கிறாள்ல, அதுவா இருக்கும்" என்று சிரித்தான் அவன்.

அவளுக்கு மட்டும்தான் வருகிறது. அப்படியென்றால் வாடை வெளியே இல்லை, அவள் மூக்குக்குள்தான் இருக்கிறது. டாக்டர் சொன்னது அப்படியே பலித்துவிட்டது. அவள் சீட்டில் சாய்ந்து, யாரும் பார்க்காதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு, அந்த வீச்சத்தை நெஞ்சு நிறைய இழுத்தாள்.

சாலை பிரிந்தது. ஒரு பக்கம் அகலமான தார்ச்சாலை. ஏரிக்குப் போகும் வழி என்று பலகையே வைத்திருந்தார்கள், இரண்டு குடும்பங்கள் கூடைகளோடு நடந்து போய்க்கொண்டிருந்தன. இன்னொரு பக்கம் வேலிச்செடிகளுக்கு நடுவே ஒரு மண்பாதை. சர்க்கரை வண்டியை நிறுத்தினான். அவள் தலையை நீட்டினாள். ஏரிப் பக்கம் திரும்பியபோது மூக்கில் மறுபடியும் அந்தப் பழைய வெறுமை, சுவரில் முகத்தை வைத்தது போல. மண்பாதைப் பக்கம் திரும்பினாள். இருந்தது. முன்னைவிடக் கனமாக இருந்தது. நாட்கணக்கில் மாற்றாத பூச்சாடித் தண்ணீரைக் கொட்டும்போது வருமே, அந்தக் கொழகொழப்பு அதில் சேர்ந்திருந்தது.

"இந்தப் பக்கம்" என்று கையைக் காட்டினாள்.

"ஏரின்னு போர்டே வெச்சிருக்கான்…"

"இந்தப் பக்கம்தான்."

"மூக்கரசி சொன்னா சரி" என்று அவன் வண்டியைத் திருப்பினான்.

அவளுக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. வாடை மூக்குக்குள்தான் இருக்கிறதென்றால் அதற்கு ஏரிப் பக்கம் என்ன, இந்தப் பக்கம் என்ன? ஆனால் பசித்துக் கிடந்தவன் இலையில் விழுந்த சோற்றை எங்கேயிருந்து வந்தது என்று விசாரித்துக்கொண்டிருக்க மாட்டான். பாதை இன்னும் இரண்டு இடங்களில் பிரிந்தது. இரண்டிலும் அவள் வாடை கனத்த பக்கத்தையே காட்டினாள். விட்டுவிட்டால் போய்விடுமோ, மறுபடி வராதோ என்ற பயத்தில் உள்ளங்கை வியர்த்துக்கொண்டே இருந்தது. பீரோவுக்குப் பின்னால் எலி செத்துக் கிடந்து, எங்கே என்று தெரியாமல் வீடு முழுக்கத் தேடுகிற நாளின் வாடை அது. அவள் அதை வாயாலும் இழுத்துப் பார்த்தாள். நாக்கின் அடியில் எச்சில் ஊறிக் குமட்டியது. குமட்டியதே என்று சந்தோஷப்பட்டாள்.

பாதை முடிந்த இடத்தில் நிலம் சரிந்து ஒரு பள்ளமாக இறங்கியது. பெரிய கிண்ணம் ஒன்றைத் தரையில் பதித்து, அதற்குள் பச்சைப் பட்டைப் போர்த்தியது போல இருந்தது. புல் கத்தரித்து விட்ட மாதிரி ஒரே உயரத்தில், ஒரே பச்சையில், வெயில் பட்ட இடமெல்லாம் மினுமினுத்தது. சுற்றிலும் விளிம்பில் மட்டும் புல் இல்லை. மண் சிவந்து தடித்து, கொஞ்சம் உள்பக்கமாக மடங்கியிருந்தது. மரம் இல்லை, கல் இல்லை, ஒரு காகிதத் துண்டுகூட இல்லை.

"அடேங்கப்பா!" என்று இறங்கி நின்று இடுப்பில் கைவைத்துப் பார்த்தான் சர்க்கரை. "இத்தனை நாள் இந்த இடத்தை எங்க ஒளிச்சு வெச்சிருந்தே?"

கார்க்கதவைத் திறந்ததும் அது முகத்தில் அறைந்திருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்து, வாயைப் புறங்கையால் அழுத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய நின்றாள். ஆனால் அவள் வெறும் பெண் இல்லையே, ருசி பார்க்கிறவள். பழகிய மூளை தானாகவே அதைப் பிரித்து அடுக்க ஆரம்பித்தது. மேலாக ஈரத்துணி. அதற்கடியில் பூச்சாடி. அதற்கும் அடியில் எலி. எல்லாவற்றுக்கும் அடியில், கூர்ந்து போனால் மட்டும் தட்டுப்படுகிற மாதிரி, லேசாக ஓர் இனிப்பு. மற்ற எதையும்விட அந்த இனிப்புதான் அவளை அருவருக்க வைத்தது. இனிக்க வேண்டிய எதுவும் அங்கே இல்லை.

உண்மையில் ஏதாவது அழுகிக் கிடந்தால் ஈ மொய்க்கும். அவள் பார்த்தாள். ஒரு ஈ கிடையாது, கொசு கிடையாது. அதுவே போதும் என்று தோன்றியது. மூக்குதான் பொய் சொல்கிறது, சரியாகும்வரை அப்படித்தான் சொல்லும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு அவர்கள் பின்னால் இறங்கினாள்.

பழைய போர்வை ஒன்றை விரித்து உட்கார்ந்தார்கள். ரொட்டி, முட்டை, பழம் என்று கொண்டுவந்த எல்லாவற்றையும் மற்ற இருவரும் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டார்கள். "உனக்குத்தான் மூக்குப் பிடிக்கவே பிடிக்காது, அவ்வளவு பெரிய மூக்கு" என்று சர்க்கரை அரதப்பழசான நகைச்சுவையை எடுத்துவிட்டுத் தானே சிரித்தான். அவள் ஒரு ரொட்டித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். வாய் வரைக்கும் கொண்டுபோய், மறுபடி மடியில் இறக்கினாள். நாத்தனார் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் புல்லில் நடந்து பார்த்தாள்.

"தரை சூடா இருக்கு அண்ணி. யாரோ இப்பதான் படுத்து எழுந்து போன படுக்கை மாதிரி."

"வெயில்" என்றாள் அவள்.

"கிச்சுகிச்சு மூட்டற மாதிரியும் இருக்கு. வந்து கால வெச்சுப் பாருங்களேன்."

அவள் போகவில்லை. சர்க்கரை போர்வையிலிருந்து புரண்டு புல்லில் மல்லாந்து படுத்தான். கைகளை விரித்து, கண்ணை மூடி, "ஆகா" என்று ஒரு பெருமூச்சு விட்டான். கொஞ்ச நேரத்தில் அவன் மூச்சு சீராகிவிட்டது. எங்கும் சத்தமே இல்லை. இல்லை, ஒரு சத்தம் இருந்தது. மிக மெல்லியது. நனைந்த ஸ்பாஞ்சை அழுத்தி விடும்போது வருகிற மாதிரி, புல்லின் அடியில், விட்டு விட்டு.

உட்கார்ந்த இடத்தில் கையை ஊன்றியபோது விரல்கள் போர்வையைத் தாண்டிப் புல்லில் பட்டன. எடுத்தாள். விரலோடு ஒரு நூல் வந்தது. நிறமில்லாமல், முட்டையின் வெள்ளைக்கரு போல, புல்லிலிருந்து விரல் வரைக்கும் நீண்டு தொய்ந்து அறுந்தது. துப்பட்டாவில் துடைத்தாள். போகவில்லை. மறுபடி துடைத்தாள். அழுந்தத் துடைத்தாள். விரல் நுனிகள் நாள் முழுக்கத் துணி துவைத்த கை போல வெளுத்துச் சுருங்கியிருந்தன. போர்வையின் ஓரமும் நனைந்திருந்தது, மேலிருந்து அல்ல, அடியிலிருந்து.

"பனி ஈரமா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டாள். பிற்பகல் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

நாத்தனார் வந்து எதிரே உட்கார்ந்தாள். வெறும் பாதங்களைப் புல்லில் நீட்டிக்கொண்டு, மடியில் ஒரு ஆரஞ்சை வைத்து நகத்தால் கீறினாள்.

அப்போதுதான் அது நடந்தது. தோல் கிழிந்து தெறித்த சாறு காற்றில் பரவி அவள் மூக்குக்கு வந்தது. ஆரஞ்சு. சாக்கடையாக இல்லை, செத்த பிராணியாக இல்லை. ஆரஞ்சு ஆரஞ்சாகவே மணந்தது, புளிப்பும் கசப்பும் வெயிலும் கலந்து, அப்படியே. அவள் விம்மிவிட்டாள். நாத்தனாரின் கையைப் பிடித்து முகத்தோடு வைத்துக்கொண்டாள். அந்தக் கையில் காலையில் குளித்த சோப்பு மணந்தது. ரொட்டி மணந்தது. தள்ளிப் படுத்திருந்த சர்க்கரையின் தலைக்கு வைத்த எண்ணெய் மணந்தது. ஒவ்வொன்றும் அதுஅதுவாக, துல்லியமாக, காய்ச்சலுக்கு முன்னால் இருந்ததைவிடக் கூர்மையாக. மூக்கு வந்துவிட்டது. முழுசாக, ஒரு பழுதும் இல்லாமல் வந்துவிட்டது. நாளைக்கு எத்தனை கோப்பை வைத்தாலும் வைக்கட்டும்.

"என்ன அண்ணி? ஏன் அழறீங்க?"

அவள் சிரித்தாள். சொல்ல வாயெடுத்தாள்.

சோப்பு சோப்பாக மணக்கிறது. எண்ணெய் எண்ணெயாக மணக்கிறது. மூக்கு பொய் சொல்லவில்லை.

அப்படியென்றால் அந்த வாடையும் பொய் இல்லை.

அது இங்கேதான் இருக்கிறது. இவ்வளவு நேரமும் இருந்திருக்கிறது. அவள் குனிந்து புல்லை விலக்கினாள். அடியில் மண் கறுப்பாக இருப்பதாக நினைத்திருந்தாள். மண் இல்லை. இறக்கைகள். ஈயின் இறக்கைகள், வண்டின் ஓடுகள், பட்டாம்பூச்சித் தூள். உடம்பு எதிலும் இல்லை. உமி போல, விரல் ஆழத்துக்கு, பள்ளம் முழுக்க. ஈக்கள் வராமல் இல்லை, அவளைப் போலவே வாடை பிடித்துக்கொண்டு வந்திருக்கின்றன.

"எழுந்திரு. கிளம்பலாம்."

"இப்பதானே அண்ணி வந்தோம்."

"எழுந்திரு!"

அந்த இனிப்பு. அது கூடியிருந்தது. முன்பு அடியில் லேசாக இருந்தது இப்போது மேலே வந்து நின்றது. எங்கிருந்து வருகிறது என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. சர்க்கரை படுத்திருந்த பக்கம்.

"சர்க்கரை, எழுந்திரு. போகணும்."

அவன் கண்ணைத் திறந்தான். நன்றாகத் தூங்கி விழித்த குழந்தையின் முகம். "சும்மா இரேன். சுகமா இருக்கு. முதுகைச் சொறிஞ்சு விடற மாதிரி இருக்கு."

கையைப் பிடித்து இழுத்தாள். கை வரவில்லை. கையின் தோல் வந்தது. காய்ச்சிய பாலில் விரலை விட்டால் ஆடை ஒட்டிக்கொண்டு வருமே, அப்படி, மணிக்கட்டிலிருந்து கழன்று அவள் உள்ளங்கைக்குள் சுருண்டது. இளஞ்சூடாக இருந்தது. ரத்தம் இல்லை. அவன் தலையை மட்டும் திருப்பி அதைப் பார்த்தான். பின்னந்தலையின் முடி புல்லிலேயே இருந்தது.

"அட" என்றான்.

அவள் உதறினாள். அது போகவில்லை. உதறினாள், உதறினாள். சாப்பிடாத வயிற்றிலிருந்து புளித்த நீர் வாய்வழியே வந்தது. விழுந்த இடத்தில் புல் சாய்ந்தது. மெதுவாக. எல்லாப் புல்லும் அந்தப் பக்கம்.

வண்டிச் சாவி அவன் பின்பாக்கெட்டில்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு அவன் இடுப்புக்கு அடியில் கையை நுழைத்தாள். வழுவழுப்பு. சூடு. பேன்ட் துணி இருந்தது. துணிக்குள் இருக்க வேண்டியது இல்லை. கூழ். கூழுக்குள் கடினமாக ஏதோ பட்டது, சாவி இல்லை, சாவியைவிடப் பெரிது, மழமழவென்று உருண்டையாக. விரல்கள் அதைத் தாண்டி, இன்னும் ஆழமாக, முழங்கை வரைக்கும் போயின. அவன் கூச்சத்தில் நெளிந்து சிரித்தான். "ஏய், கிச்சுகிச்சு மூட்டாதே." சாவி தட்டுப்பட்டது. இழுத்தாள். அடியிலிருந்து ஏதோ உறிஞ்சுகிற சத்தத்தோடு கையை விட்டது.

நாத்தனாரை அக்குளில் பிடித்துத் தூக்கி இழுத்துக்கொண்டு ஓடினாள். அவள் பாதங்கள் புல்லில் வழுக்கி வந்தன. அவள் நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்று பார்க்காமல் மேடேறினாள், பின் சீட்டில் தள்ளினாள், கதவைச் சாத்தினாள்.

"சர்க்கரை அண்ணா வரலையா?"

"வருவாரு. பின்னால வருவாரு."

பள்ளத்தைத் திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்தாள். மண்பாதையில் சக்கரங்கள் எகிறின. வேலிச்செடிகள் கண்ணாடியில் கீறின. போலீஸ், ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி என்று வாய் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. காருக்குள் வாடை தாங்க முடியவில்லை. நாலு கண்ணாடியையும் இறக்கினாள். காற்று அடித்துக்கொண்டு உள்ளே வந்தது. வாடை போனது. நிம்மதியாக மூச்சு விட்டாள்.

பிறகு கவனித்தாள். எல்லாமே போயிருந்தது. கையில் ஒட்டியிருந்த ஆரஞ்சு போயிருந்தது. சோப்பு போயிருந்தது. கையை மூக்கில் வைத்து உரசினாள். சுவர். அதே வெற்றுச் சுவர்.

"இல்லை" என்றாள் உரக்க.

கண்ணாடிகளை ஏற்றினாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பின் சீட்டிலிருந்து அந்த இனிப்பு முதலில் வந்தது. அதன் பின்னாலேயே மற்றவையும் ஒவ்வொன்றாக வந்தன. எலி. பூச்சாடி. ஈரத்துணி. அப்புறம் ஆரஞ்சு. சோப்பு. சீட்டின் பழைய ரெக்சின். பெட்ரோல். தன்னுடைய வியர்வை. மறுபடி இறக்கினாள், போனது. ஏற்றினாள், வந்தது. அவள் அழுதுகொண்டே ஓட்டினாள்.

தார்ச்சாலை வந்தது. சாயங்கால வெளிச்சத்தில் தூரத்தில் ஊர் தெரிந்தது. முதலில் தெரிகிற உயரமான வெள்ளைக் கட்டடம் ஆஸ்பத்திரி. மாடி விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. ஒரு மிதி மிதித்தால் போய்ச் சேர்ந்துவிடலாம். அங்கே கதவைத் திறப்பார்கள். நாத்தனாரைத் தூக்கிக்கொண்டு போவார்கள். மருந்து ஊற்றிக் கழுவுவார்கள், சுத்தமாகக் கழுவுவார்கள்.

வண்டி ஓரமாக நின்றது. தான்தான் நிறுத்தியது என்று அவளுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

"வந்துட்டோமா அண்ணி?" குரல் தூக்கத்தில் குழறியது.

"வந்துட்டோம்டா. வலிக்குதா?"

"இல்லையே. ஒண்ணுமே தெரியல. தூக்கம்தான் வருது."

"தூங்கு. நான் இருக்கேன்."

வலிக்கவில்லையே, வலித்தால் வேறு விஷயம், என்று நினைத்தாள். கொஞ்ச நேரம்தான். வாசனை மூக்குக்குள் கொஞ்சம் பதிந்துவிட்டால் போதும், பிறகு நேராகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம். கணவனின் முகம் ஒரு கணம் வந்தது. தங்கச்சியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று ஊருக்குப் போகும்போதெல்லாம் சொல்கிறவன். அந்த முகத்தை அவள் தள்ளிவிட்டாள். கண்ணாடிகள் நன்றாக ஏறியிருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். காற்று வருகிற துவாரங்களை மூடினாள். முன் சீட்டைத் தாண்டிப் பின்னால் போனாள்.

நாத்தனாரின் கால்கள் சீட்டில் நீண்டு கிடந்தன. கணுக்கால் வரை கால்களாக இருந்தன. அதற்குக் கீழே மெழுகு உருகியது போல விரல்கள் ஒன்றோடொன்று கலந்து, வெளுத்து, நூல்நூலாகச் சீட்டுக்கும் காலுக்கும் நடுவே தொய்ந்து, மெல்ல அசைந்துகொண்டிருந்தன. அசைவது நாத்தனார் இல்லை. அவள் வாய் திறந்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அண்ணி அதில் ஒன்றை இரண்டு கைகளாலும் ஏந்தி எடுத்து மடியில் வைத்தாள். இளஞ்சூடு துணி வழியாகத் தொடையில் இறங்கியது. குமட்டியது. உடம்பெல்லாம் கூசி, மயிர்க்கால்கள் குத்திட்டு, தோள்கள் குலுங்கக் குலுங்கக் குமட்டியது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, முகத்தை அதற்குள் புதைத்து, ஆழமாக இழுத்தாள்.